செவ்வாய் பத்து மணி, அடித்தள அறை நான்கு

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மாணவர் நிகழ்ச்சிகளின் வாரப் பட்டியல் மூடப்படும். நான்கு அடித்து ஒரு நிமிடம் கழித்து வந்தவர் பல்கலைக்கழகத் தலைவராகவே இருந்தாலும் அடுத்த வாரம்தான். அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்த ஒன்பது வருஷத்தில் இரண்டு தலைவர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் அடுத்த வாரம் சீக்கிரமாக வந்தார்கள்.

பன்றி மதிப்பிடும் போட்டி அணி, திங்கள் ஏழு மணி, கால்நடைக் கொட்டகை. லூத்தரன் சபை மாணவர் சாப்பாடு, ஞாயிறு ஐந்தரை. வாள்வீச்சுக் கழகம், பழைய ஜிம், சொந்த வாள் இருந்தால் நல்லது. எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஸ்டென்சிலில் அடித்து, சைக்ளோஸ்டைலில் ஓட்டி, வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தாளாக எல்லா விடுதி வாசலிலும் ஒட்டிவிடுவோம். பட்டியலில் இல்லாதது நடக்காது. நடந்தாலும் நடந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1956-இல் மார்ச் மாதக் கடைசிப் புதன். மூன்றே முக்காலுக்கு நெல்டா க்ரூகர் வந்தாள். கடைசி வருட மாணவி, கணிதம். அப்பாவுக்கு வடக்கே பால்பண்ணை. காலணியில் பனிச்சேறு, கையில் ஒரு கட்டுத் தாள்.

"ஆர்டிஸ், பட்டியல்ல எனக்கு ஒரு இடம் வேணும்."

"என்ன நிகழ்ச்சி?"

"நான் கணக்குப் போடறது."

"அது எந்த ஊர்ல நிகழ்ச்சி?"

"மிஸ் ஹார்க்னெஸ் ஊர்ல. நிகழ்ச்சின்னு இல்லேன்னா ராத்திரி வெளியில விட மாட்டாங்க."

மிஸ் ஹார்க்னெஸ் மாணவியரைக் கவனிக்கும் தலைமை அதிகாரி. ஆயிரத்து நூற்று நாற்பது பெண்கள் எத்தனை மணிக்கு விடுதிக்குள் வர வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. வார நாட்களில் பத்தரை. பத்தரைக்கு மேல் ஒரு பெண் வெளியே இருக்க வேண்டுமானால் ஒரே வழி, வாரப் பட்டியலில் அச்சான நிகழ்ச்சி. நிகழ்ச்சி முடிந்து அரை மணி வரை தாமத அனுமதி உண்டு. பையன்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. அவர்கள் விடிய விடிய எங்கே வேண்டுமானாலும் திரியலாம்.

"கணிப்பொறி மாணவங்களுக்குக் கிடைக்கறதே ராத்திரி பத்துலேருந்து பதினொண்ணு வரைக்கும்தான்," என்றாள் நெல்டா. "பகல்ல பேராசிரியருங்க, ராணுவக் கணக்கு. எனக்குச் செவ்வாய்க்கிழமை ஒதுக்கியிருக்காங்க. மே பத்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்கணும். கொடுத்தாத்தான் மேற்படிப்புக்கு இடம். அதுக்குள்ள ஆறு செவ்வாய் இருக்கு. எனக்கு அஞ்சு வேணும்."

"கணக்கைத் துளை போட்ட காகித நாடாவை ஆர்லோகிட்டக் கொடுத்து ஓட்டச் சொல்லேன்?" ஆர்லோ இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறியியல் மாணவன்.

"ஓட்டுவான். நடுவுல நின்னா என்ன பண்ணுவான்? எங்க தப்புன்னு பாத்து அப்பவே திருத்தணும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். மிஸ் ஹார்க்னெஸ்கிட்டக் கேட்டேன். 'நீ கணக்குப் போடறதை நான் தடுக்கலை, ஆனா அது நிகழ்ச்சி இல்லையே'ன்னாங்க."

மணி மூன்று ஐம்பது.

"ஒரு சங்கம் வேணும். மூணு உறுப்பினர், ஒரு ஆலோசகர் கையெழுத்து, ஒரு அறை. எல்லாருக்கும் அனுமதின்னு போடணும். பத்து நிமிஷத்துல முடியுமா?"

முடிந்தது. நெல்டா, அவளோடு அறையில் இருந்த மாவிஸ், ஆர்லோ, மூன்று பேர். ஆலோசகர் பேராசிரியர் ஸ்ட்ராண்ட் எங்கள் மாடியிலேயே இருந்தார். தலையை நிமிர்த்தாமல், "கூட்டத்துல நான் பேசணுமா?" என்று கேட்டாராம். "வேண்டாம் சார்" என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் அடித்தேன்: *செவ்வாய், இரவு 10 முதல் 11 வரை. கணிப்பொறிச் சங்கம். இயந்திரம் வேலை செய்யும் விதம். அடித்தள அறை நான்கு. அனைவரும் வரலாம்.*

நான் அத்தை வீட்டில் இருந்தேன். எனக்குப் பத்தரைச் சட்டம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, நான் செய்த காரியம் எனக்கே உறைக்கவில்லை.

அடுத்த புதன் காலை எட்டு மணிக்கு ஆர்லோ என் மேசை முன்னால் வந்து நின்றான். சட்டை கசங்கி, கண் சிவந்து.

"அம்மா தாயே, என்ன போட்டீங்க பட்டியல்ல?"

"ஏன்? பிழையா?"

"பிழையெல்லாம் இல்ல. இந்த வருஷத்துலேயே பத்து மணிக்கு மேல நடக்கற ஒரே நிகழ்ச்சி அதுதான். விடுதியில எல்லாப் பொண்ணுங்களும் படிச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு பையனோட வந்துட்டாங்க. முப்பது பேர் நிக்கற அறையில எரநூறு பேர். படிக்கட்டெல்லாம் ஜோடி. ஒருத்தன் வந்து 'பாட்டு எப்ப போடுவீங்க'ன்னு கேக்கறான்."

"நெல்டா?"

"அவ இயந்திரத்துக்கு முன்னால கையை விரிச்சுக்கிட்டு நிக்கறா, கோழிக்குஞ்சைப் பருந்துகிட்டேருந்து காப்பாத்தற மாதிரி. அத்தனை பேர் மூச்சு, இயந்திரத்துல எரியற அத்தனை வால்வு. சூடு தொண்ணூத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட். பத்தேகாலுக்கு நானே அணைச்சுட்டேன். இல்லேன்னா வெந்திருக்கும்."

ஆறில் ஒரு செவ்வாய் போயிற்று. மீதி ஐந்து. வேண்டியதும் ஐந்து.

பத்து மணிக்கு மிஸ் ஹார்க்னெஸ் அறையிலிருந்து அழைப்பு. நெல்டா எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தாள், முதுகு நிமிர்ந்து. மிஸ் ஹார்க்னெஸ் முன்பு லத்தீன் கற்பித்தவர். அறைக்குள்ளேயும் தொப்பி போட்டிருப்பார்.

"நேத்து தாமத அனுமதிப் புத்தகத்துல எத்தனை கையெழுத்துன்னு தெரியுமா, மிஸ் ஹால்வர்சன்?"

"சொல்லுங்க, மிஸ் ஹார்க்னெஸ்," என்றேன்.

"நூத்தி ஆறு. ஒரே நாள்ல நூத்தி ஆறு பொண்ணுங்களுக்குக் கணக்குமேல ஆசை வந்துடுச்சு."

"கூட வந்த பையன்களுக்கும்தான்," என்றாள் நெல்டா.

"உன்னைக் கேட்கலை." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வாரத்துலேருந்து எடுத்துடுங்க," என்றார்.

"எடுக்கலாம். எழுத்துல காரணம் வேணும். பட்டியல்லேருந்து ஒண்ணை எடுத்தா, ஏன் எடுத்தோம்னு அடுத்த பட்டியல்ல போடணும். என்ன போடட்டும்? வந்தவங்க அதிகம்னா? ஆர்கன் கச்சேரிக்குப் பதினோரு பேர் வராங்க. அதுல ரெண்டு பேர் தூங்கறாங்க. அதையே வெச்சிருக்கோம்."

"அவங்க வந்தது கணிப்பொறியைப் பாக்கவா?"

"எதைப் பாக்க வந்தாங்கன்னு பட்டியல்ல கேக்கறதில்லையே."

மிஸ் ஹார்க்னெஸ் என்னை நன்றாகப் பார்த்தார். எனக்குப் பயமில்லை. பட்டியல் விஷயத்தில் எனக்கு யாரிடமும் பயம் இருந்ததில்லை.

நெல்டா குறுக்கிட்டாள். "மிஸ் ஹார்க்னெஸ், அவங்க வரட்டும். ஆனா சும்மா வரக்கூடாது."

"அப்படின்னா?"

தாள் கட்டை மேசைமேல் வைத்தாள். "நானூறு மாடு. பன்னெண்டு வருஷத்துப் பால் எடை. எந்தக் காளையோட பொண்ணுங்க அதிகம் கறக்குதுன்னு கண்டுபிடிக்கறதுதான் என் கணக்கு. எல்லாத்தையும் நானும் மாவிஸும்தான் நாடாவுல துளை போட்டோம். பண்ணைப் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்ல. ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் சரிபாக்கணும். ஜோடியா வந்தா ரொம்ப வசதி. பக்கத்து அறையில உக்காரட்டும். ஆளுக்கு ஒரு தாள். முடிச்சவங்களுக்குத்தான் அனுமதிச் சீட்டு."

"முடிக்கலேன்னா?"

"பத்தரைக்கு வரலேன்னு அவங்க பேர்ல தாமத நிமிஷம் ஏறும்."

பத்து தாமத நிமிடம் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை மாலை விடுதிக்குள்ளேயே கிடக்க வேண்டும். அது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

மிஸ் ஹார்க்னெஸ் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார். "சீட்டுல யார் கையெழுத்துப் போடறது?"

"பேராசிரியர் ஸ்ட்ராண்ட்."

"அவர் எதுல வேணா போடுவார். உன் சங்கத்துக்கே போட்டார். நீயே போடு. பொய்ச் சீட்டு ஒண்ணு வந்தாலும் பழி உன் பேர்லதான். சங்கமும் அத்தோட சரி."

"சரி," என்றாள் நெல்டா. யோசிக்கவே இல்லை.

அன்று மாலை பட்டியலில்: *கணிப்பொறிச் சங்கம். நானூறு மாடுகளின் பால் எடையைச் சரிபார்த்தல். அறை ஐந்து. பென்சில் கொண்டு வரவும். தாளை முடித்தவருக்கே தாமத அனுமதி.*

அந்தச் செவ்வாய்க்கு நாற்பது ஜோடி வந்ததாம். மேசைமேல் தாள்களைப் பார்த்ததும் பாதிப் பேர் பத்தரைக்குள் போய்ச் சேர ஓட்டம் பிடித்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நெல்டாவும் ஆர்லோவும் மட்டும் இயந்திர அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. முதல் எண்பது மாடுகளை நெல்டாவும் மாவிஸும் அந்த வாரம் பகலில் தாங்களே சரிபார்த்து வைத்திருந்தார்கள். அறை ஐந்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது அடுத்த வாரத்துக்கான எண்பது.

மறுநாள் ஆர்லோ நடித்தே காட்டினான்.

"ஒரு கால்பந்துக்காரன், அவன் கழுத்தே என் இடுப்பு அளவு இருக்கும், அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து படிக்கறான். 'முப்பத்தெட்டு பவுண்டு.' அவ, 'சரி.' 'நாப்பத்தொண்ணு.' அவ, 'இல்ல, இங்க நானூத்திப் பத்துன்னு இருக்கு.' 'நாப்பத்தொண்ணுதான் போட்டிருக்கு, கண்ணு.' 'கண்ணும் வேண்டாம், மூக்கும் வேண்டாம், ஒழுங்காப் படி.' 'படிச்சுட்டேன்டீ.' 'ஒரு நாளைக்கு நானூத்திப் பத்து பவுண்டு பாலா? இது மாடா, இல்ல பால் ஏரியா?' அறையே சிரிக்குது. நெல்டா கதவைத் திறந்துட்டு ஓடி வந்தா."

"யார் தப்பு?"

"நெல்டா தப்புதான். ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கா. தொண்ணூத்தேழாம் நம்பர் மாடு."

மதியம் நெல்டா வந்தபோது கேட்டேன்.

"அது உள்ள போயிருந்தா, ஆர்டிஸ், அந்த மாட்டோட அப்பன் காளைக்கு இந்த மாநிலமே சிலை வெச்சிருக்கும்," என்றாள். "அந்த எண்பதுல மட்டும் இருபத்தேழு தப்பு. முதல் செவ்வாய் ஒழுங்கா ஓடியிருந்தா நான் அஞ்சு வாரமும் குப்பையைத்தான் அரைச்சிருப்பேன்."

"பொய்ச் சீட்டு யாராவது கேட்டாங்களா?"

"மூணு பேர். மாவிஸோட தோழியே ஒருத்தி. 'நாலு வரிதான் பாக்கி, போட்டுடேன்'னா. நாலு வரியையும் முடிச்சுட்டு வான்னேன். நாலு நிமிஷம் ஆச்சு. இப்ப என்னோட பேசறதில்ல."

வாரத்துக்கு வாரம் ஜோடிகள் குறைந்தன. கால்பந்துக்காரன் இரண்டாம் வாரமே வரவில்லை. அந்தப் பெண் வந்தாள். ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டு பேர் நிலைத்தார்கள், அதில் பதினொன்று பெண்கள். நெல்டாவுக்கு நான்கு செவ்வாய் நான்கு ஓட்டம். ஒன்றுகூட வீணாகவில்லை.

மிச்சம் இருந்தது மே எட்டாம் தேதி.

அன்று நடந்ததை எனக்கு நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஆர்லோ சொன்னதை எழுதுகிறேன், அவன்தான் கிட்டத்தில் நின்றான். ராணுவக் கணக்குக்கு வந்த பொறியாளர் ஒருவர் பத்து மணிக்கு இயந்திரத்தை விடவில்லை. பத்து ஐந்து. பத்து பத்து.

"சார், இது மாணவர் நேரம்," என்றிருக்கிறாள் நெல்டா.

"பொறும்மா. நாட்டுப் பாதுகாப்பு வேலை இது. உன் மாடு ஓடியா போகும்?"

"எனக்கு நாப்பது நிமிஷமாவது வேணும் சார். இன்னிக்கு விட்டா வேற நாள் இல்ல."

"நாளைக்கு வா."

அப்போதுதான் மிஸ் ஹார்க்னெஸ் படியிறங்கி வந்தார். சீட்டெல்லாம் உண்மையா என்று சோதிக்கத்தான் வந்திருக்கிறார். தொப்பி, கையுறை, கையில் மஞ்சள் தாள். நின்று இரண்டு பேர் பேச்சையும் கேட்டார்.

"ஐயா, உங்க நிகழ்ச்சி இதுல எங்க இருக்கு?"

"என்னது?"

"வாரப் பட்டியல். செவ்வாய், பத்து மணி, கணிப்பொறிச் சங்கம்னு போட்டிருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன். ராணுவம்னு எங்கயும் காணோம்."

"அம்மா, நான் யாருன்னு..."

"நீங்க யாரா வேணா இருங்க. பக்கத்து அறையில பதினோரு பொண்ணுங்களை இந்தத் தாளை நம்பித்தான் நான் வெளியில விட்டிருக்கேன். சங்கம் நடக்கலேன்னா அவங்க எல்லாரும் இந்த நிமிஷம் தாமதம். அத்தனை பேர் வீட்டுக்கும் நான் கடிதம் போடணும். உங்க பேரையும் சேர்த்துப் போடறேன். எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க, தப்பில்லாம எழுதிக்கறேன்."

பத்து பதினெட்டுக்கு அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். நெல்டா உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு நிமிடம்.

ஒன்பதாம் தேதி புதன். நான் ஸ்டென்சிலில் பாதி அடித்திருந்தேன். நெல்டா வந்து ஒரு நீளக் காகிதச் சுருளை என் தட்டச்சு இயந்திரத்தின் மேலேயே விரித்தாள்.

"முடிஞ்சுது."

"சரியா வந்திருக்கா?"

"பத்து ஐம்பத்தாறுக்கு நின்னுது. தப்புல நிக்கல, முடிஞ்சு நின்னுது. கடைசி இருபது மாட்டைக் கையாலேயும் போட்டுப் பாத்துட்டேன். எங்கப்பா இருபது வருஷமாப் பெருமையடிக்கற காளை இருக்கே, கீழேருந்து மூணாவது. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஆய்வேடு நாளைக்குக் காலையில போகுது."

"தூங்கினியா?"

"எதுக்கு?"

மே பதினைந்தாம் தேதிக்கான வரிசை என் முன்னால் இருந்தது. பென்சிலை எடுத்தேன். "அப்ப அடுத்த செவ்வாய் சங்கத்தை எடுத்துடறேன். உனக்குத்தான் வேலை முடிஞ்சுதே."

"எடுக்காதீங்க!"

வாசலில் மூன்று பெண்கள். முன்னால் நின்றவள் கால்பந்துக்காரனை விட்டுவந்தவள்.

"என் கோதுமைக் கணக்கு இருக்கு," என்றாள். "அரைவாசி துளை போட்டுட்டேன். பத்து மணியை விட்டா எனக்கும் வேற நேரம் கிடையாது."

நெல்டா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "உன் எண்களை யார் சரிபாக்கறது?"

"நீதான். பின்ன யாரு?"

"பென்சிலோட வரேன்," என்றாள் நெல்டா.

மணி மூன்று ஐம்பத்தைந்து. நான் அடித்தேன்: *செவ்வாய், இரவு 10 முதல் 11 வரை. கணிப்பொறிச் சங்கம். கோதுமை.*