தைத்த மூடை

ஒரு கையால் அப்பாவின் நெற்றியில் காசை ஒட்டிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிய போனில் நாகஜோதி ஆபீசருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மல்லாங்கிணறு தாண்டிட்டீகளா சார்? நேரா வாங்க. சத்தம் கேக்கும். கேக்குற எடந்தான்."

"என்னம்மா சத்தம்?"

"அழுகதான் சார்."

"சரி. மூடையெல்லாம் தைச்சது தைச்சபடி இருக்கணும். ஒண்ணு பிரிஞ்சிருந்தாலும் மொத்தத்தையும் வித்ததா எழுதிருவோம்."

கொரோனாவில் சந்தை பூட்டிக் கிடந்ததால் விளைந்ததை விற்க முடியாத விவசாயிகளுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்று முந்தின நாள்தான் தகவல் வந்தது. பட்டியலில் அப்பா ஆண்டிச்சாமியின் பெயரும் இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் புஞ்சையில் கூலிக்குக் களை வெட்டியவர், போன வருஷம்தான் ஓர் ஏக்கர் கரிசலை வாங்கிக் கொத்தமல்லி போட்டிருந்தார். சேதி கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "கவருமெண்டே என்னைய விவசாயின்னுட்டான்ல!" என்று ஒரு வீடு விடாமல் சொன்னார். வந்து படுத்தார். விடிந்து எழுந்திருக்கவில்லை.

ஊரடங்கில் சும்மா செத்துவிட முடியாது. உயிர் போனது கொரோனாவில் இல்லை, சந்தோஷத்தில்தான் என்று நர்சம்மா வந்து சொன்ன பிறகுதான் சொந்தக்காரர்களே வாசல் ஏறினார்கள். ஏறியவர்களும் ஒரு மூச்சு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே, "ஜீப்பு வந்துருச்சா?" என்று கேட்டார்கள். வீடு நிறைய மல்லி மூடை. நடுவில் கிடைத்த இடத்தில் அப்பா. ஊதுபத்தி வாசம் எடுபடவே இல்லை.

நல்லகண்ணு சித்தப்பா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். "காரியாபட்டி வரைக்கும் போயிட்டேன். ஒரு கடை தொறக்கல. பொரி இல்லாமலே தூக்கிருவோம்த்தா. யாரு கேக்கப் போறா?"

சுற்று வட்டாரத்தில் எந்தப் பெரிய வீட்டுச் சாவு என்றாலும் பாடைக்கு முன்னால் பொரி இறைத்துப் போனது அப்பாதான். விதைக்கிற கை, வீச்சு சீராக இருக்கும் என்று கூப்பிட்டு விடுவார்கள்.

நாகஜோதி அரிவாளை எடுத்து, கைக்கு எட்டிய மூடையின் தையலை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

"ஏத்தா! ஆபீசரு வார நேரத்துல... நிவாரணம் போயிரும்த்தா!"

"போகட்டும்."

"மல்லியவா எறைப்ப? சுடுகாட்டுக்குப் போறமா, ரசம் வைக்கப் போறமா?"

"ஓலப்பெட்டியப் பிடிங்க சித்தப்பா."

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் இருபது பேருக்கு மேல் போகக்கூடாது என்ற உத்தரவு தலையைத்தான் எண்ணச் சொல்லியிருந்தது. கொண்டையைக் கழிக்கச் சொல்லவில்லை. நாகஜோதி முன்னால் நடந்தாள். அப்பாவைப் போலவே கையை வீசிப் பார்த்தாள். முதலில் கொத்தாக விழுந்தது. பிறகு சரியாக வந்தது. பின்னால் வந்தவர்களின் செருப்புக் காலடியில் மல்லி நொறுங்கி மணத்தது.

கண்மாய்க்கரையில் ஜீப் எதிர்ப்பட்டது. ஆபீசர் தலையை வெளியே நீட்டினார்.

"ஆண்டிச்சாமிங்கிற விவசாயி யாருங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே கையைக் காட்டினார்கள். "இந்தா வாராக சார்" என்றார் சித்தப்பா.

ஆபீசர் பாடையைப் பார்த்தார். அப்புறம் ஓலைப்பெட்டியைப் பார்த்தார்.

"போன்ல சொன்னேனேம்மா."

"ஆமா சார்" என்றாள் நாகஜோதி. அடுத்த பிடியை அள்ளினாள்.

நிவாரணம் வரவில்லை. கோடை மழை மட்டும் ஓர் உழவுக்குப் பெய்தது. மல்லியை முழுசாக விதைத்தால் லேசில் முளைக்காது, உடைத்துத்தான் விதைக்க வேண்டும். அதை இருபது பேரும் மிதித்தே செய்திருந்தார்கள்.

வேறு ஏதோ கணக்குப் பார்க்க அதே ஜீப் மறுபடி வந்தது. நாகஜோதி வாசலில் நின்று பார்த்தாள். கண்மாய்க்கரைத் தடத்தில், பச்சை தொடங்குகிற இடத்தில் ஜீப் நின்றது. கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு தடத்தை விட்டு இறங்கி, கருவேல முள்ளை உரசிக்கொண்டே மெதுவாக ஓரமாய்ப் போனது.