மூன்று திங்கட்கிழமைகளும் ஒரு ரப்பர் வளையமும்

டீசல் விஷயத்தில் என்னிடம் யாரும் வாலாட்ட முடியாது. முப்பத்தாறு வருஷம் ஒரு லாரி டிப்போவின் டீசல் கிடங்கைக் கட்டி ஆண்டவன் நான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டால் போதும், அது பிறந்த கிணற்றின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். நான் ஓய்வு பெற்ற அன்று கிடங்கில் இருந்த பீப்பாய்கள் எல்லாம் விம்மி விம்மி அழுதன. என் மனைவி இதை ஒத்துக்கொள்வதில்லை. “இவர் சொல்றதுல பத்துல ஒன்பதைக் கழிச்சிட்டு மிச்சத்தை எடுத்துக்குங்க” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள்.

அவள் தங்கை, அதாவது என் கொழுந்தியாள், பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறாள். ஐம்பது வயது. அவள் ஹாரன் அடித்தால் மலை ஒதுங்கி வழி விடும். சனிக்கிழமை மாலை லாரியை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். ஞாயிறு முழுக்கச் சாப்பாடும் தூக்கமும்தான். திங்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அவள் தூங்குகிற நேரத்தில் நான் லாரியைக் குளிப்பாட்டுவேன். என்னிடம் தண்ணீர் பீய்ச்சும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பிப் பிடித்தால் பறக்கிற காக்கை வெள்ளையாகிவிடும்.

அந்த ஞாயிறு அவள் தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அத்தான், மூணு வாரமா திங்கட்கிழமை ஆனா பாலம் தாண்டி அந்த ஏத்தத்துல வண்டி இருமுது. நாலு இருமல், அப்புறம் மூச்சே போயிடுது. டீசல்ல எங்கேயோ தண்ணி சேருது, எங்கேன்னுதான் தெரியல. நாளைக்கும் நின்னா, லாங் ரூட்டை விட்டு எடுத்துட்டு யார்டுக்குள்ள வண்டி நகர்த்தற வேலையில போட்டுடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார்.”

“யார்டுக்குள்ளயா?” என்றாள் என் மனைவி. “ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி வந்தா இவ செக்குமாடு ஆயிடுவாளே.”

கொழுந்தியாள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுந்தேன். ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் புகுந்தேன். டேங்க்கின் அடித் திருகைத் தளர்த்திப் பாட்டில் நிறையப் பிடித்து, திண்டின் மேல் வைத்து, அஞ்சு நிமிஷம் யாரும் மூச்சு விடக்கூடாது என்றேன். அஞ்சு நிமிஷத்தில் மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் வகிடு எடுத்தது போல ஒரு கோடு.

விசாரணையைத் தொடங்கினேன்.

“டேங்க் பாதி காலியா நின்னா ராத்திரிக் குளிர்ல உள்ளே வேர்த்துக் கொட்டும். நிரப்பிட்டுத்தானே நிறுத்தற?”

“கழுத்து வரைக்கும். வேர்க்க இடமே கிடையாது.”

“பங்க்ல டேங்கர் டீசல் இறக்கும்போது போய் நின்னியா? அடியில கிடக்கிற தண்ணியெல்லாம் கலங்கி மேல வருமே.”

“டேங்கரைப் பார்த்தாலே அடுத்த பங்க்குக்குப் போயிடுவேன். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி என் காதுல ஓட்டை போட்டதே நீங்கதான்.”

“ஃபில்டர் அடியில சேர்ற தண்ணி?”

“தினம் காலைல வடிச்சிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். திங்கட்கிழமை மட்டும் வடிய வடிய வருது.”

அப்படியானால் இது சதிதான். பொறாமை பிடித்த எவனோ ஒருவன். “அவன் யாரா இருந்தாலும் சரி, இந்தப் பாட்டிலை அவன் வாயிலேயே ஊத்தறேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி சபதம் செய்துவிட்டு, டேங்க் மூடியைத் திறந்தேன்.

மூடியின் உள்பக்கம் பல் போன வாயாகச் சிரித்தது. தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்ள அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும். இல்லை.

“போன மாசம் இருந்துச்சே. பங்க்ல பையன்தான் திறந்து மூடறான், நான் கவனிக்கல” என்றாள் கொழுந்தியாள்.

என் மனைவி உள்ளே போனாள். தண்ணீர் பீய்ச்சும் மெஷினைத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தாள்.

“ஏங்க, இதோட வடிகட்டி மூடி ஒழுகுதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல உக்காந்து என்னமோ பண்ணீங்களே. அதை எதை வெச்சு அடைச்சீங்க?”

எனக்கு ஞாபகம் வந்தது. வரவேண்டாம் என்று எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. அன்று கைக்கெட்டிய தூரத்தில் ஒரு மூடி. அதில் கச்சிதமாக ஒரு வளையம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து மெஷினில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. டேங்க் மூடியைச் சுற்றி டீசல் கறை படியும் என்பதால் வாராவாரம் அங்கேதான் பத்து நிமிஷம் விடாமல் பீய்ச்சினேன்.

வளையத்தைக் கழற்றி டேங்க் மூடியில் வைத்தேன். தாய் மடியில் குழந்தை போல உட்கார்ந்தது.

மனைவி பாட்டிலை எடுத்தாள். “வாயைத் திறங்க.”

கொழுந்தியாள் லாரிப் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அடித் திருகு வழியே வடித்துக்கொண்டே இருந்தோம். பாட்டிலில் கோடே விழாமல் ஒரே நிறம் வருவதற்குள் நாற்பது பாட்டில் ஆனது. மனைவி கணக்கில் நாலு. ஃபில்டரையும் புதிதாக மாற்றினாள் கொழுந்தியாள்.

“வண்டி சரி. மேனேஜர்கிட்ட யார் சொல்றது?” என்றாள்.

நான்தான் சொல்லவேண்டும். தப்பு அவள் பேரில் நிற்கிறதே. டிப்போ நாட்களிலிருந்தே அந்த மனிதருக்கு என்னைத் தெரியும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, உப்பு புளி எதுவும் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி போனில் சொன்னேன்.

மேனேஜர் முதலில் கேட்டது இதுதான்: “இதுல எத்தனை நிஜம்?”

“பத்துக்குப் பத்து.”

“நீங்க சொன்னா எப்படிங்க நம்பறது?”

மனைவி போனைப் பிடுங்கினாள். “இந்த ஒண்ணுல மட்டும் கழிக்க வேண்டாம், சார். செஞ்சது இவரேதான்.”

“நாளைக்கு ஏத்தம் ஏறட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றார் அவர்.

திங்கட்கிழமை எட்டு மணி வரை என் காபி ஆடை கட்டிக் கிடந்தது. எட்டே காலுக்குப் போன் அடித்தது. முதலில் காதைப் பிளக்கும் ஹாரன்.

“ஏறிட்டேன் அத்தான். இருமல் இல்ல, தும்மல் இல்ல. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். லாங் ரூட் எனக்கேதானாம்.”

சக்கரம் தரையில் படாமல் லாரி ஏற்றத்தில் பறந்தது என்று அன்றே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மெஷினை எடுத்தேன். வளையம் இல்லாத வடிகட்டி மூடியிலிருந்து ஊற்று கிளம்பி என் சட்டை, வேட்டி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் நனைத்தது. ஜன்னலில் மனைவி.

“என்ன, அடைக்க ஏதாவது தேடறீங்களா?”

“இல்லம்மா. சும்மா நனைஞ்சிட்டிருக்கேன்.”