எப்பவுமே கூட்டல்

பதுளையை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் மண் சரிந்து பஸ் நின்றது. அந்தக் குளிரிலும் ரஜீவ் சேருக்கு வேர்த்துக் கொட்டியது.

பசறையில் ஏறும்போது மனிதர் நன்றாகத்தான் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த ஜெயரூபன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். டவுன் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறவன், சும்மா வருவானா?

"சாலகச் சக்திக்குப் பிள்ளைகள என்ன குறி போடச் சொன்ன?"

"கூட்டல். எப்பவுமே கூட்டல்தான்."

"எப்பவுமேவா? உப்பை உடைச்சு அயனாக்கினாத்தான்டா கூட்டல். அயன் சேர்ந்து உப்பாகுறதக் கேட்டா சக்தி வெளிய போகும். கழித்தல் வரணும்."

ரஜீவ் உண்மையில் கணித ஆசிரியர். அவருடைய தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு இரசாயனவியலுக்கு ஆள் வரவே இல்லை. காத்திருந்து அலுத்துப்போய், தமிழ்நாட்டு வாத்தியார் ஒருவரின் யூடியூப் பாடங்களைப் பார்த்து இவரே படிப்பிக்க இறங்கினார். அங்கே படிகக்கூடு ஆற்றல் என்றார்கள். இவர் நம் உயர்தரப் பரீட்சைக்கு ஏற்ற மாதிரி சாலகச் சக்தி என்று மாற்றினார். அந்த வாத்தியார் எல்லாக் கணக்கிலும் உப்பை உடைத்துக்கொண்டே இருந்தார். சேர்ப்பதும் கேள்வியாக வரும் என்று இவருக்குத் தோன்றவில்லை. சொல்லை மாற்றியதோடு புத்தி நின்றுவிட்டது.

இன்றுதான் அந்தப் பரீட்சை. அவரிடம் படித்தவர்களில் மிஞ்சியவள் விதுஷா ஒருத்தி. மூன்றாவது, கடைசித் தடவை எழுதுகிறாள். இதிலும் விட்டால் பல்கலைக்கழகம் கிடையாது. போன தடவை வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறினாள். விடியும்போதே வேனில் போய்விட்டாள். கையில் போனும் இல்லை.

ரஜீவ் இறங்கிச் சேற்றைத் தாண்டி ஓடினார். வழுக்கி விழுந்தார், எழுந்தார், அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் பாய்ந்து ஏறினார்.

பரீட்சை மண்டப வாசலில் விதுஷா, சேரிடம் ஆசி வாங்க வெற்றிலையோடு நின்றாள். அவரைக் கண்டதும் குனிந்து சேறு படிந்த காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"எந்திரி, எந்திரி. சாலகச் சக்தி கணக்கு. அயன் சேருறதக் கேட்டா கழித்தல் போடு. நான் சொன்னது பிழை."

"மொதல்ல தண்ணி குடிங்க சேர். மூச்சு வாங்குது."

"கழித்தல். வெளங்குதா?"

"ஆமாங்க சேர்."

மணி அடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள். சொல்லியாயிற்று என்று மதிலில் சாய்ந்தவருக்கு, பிள்ளையைக் கடைசி நேரத்தில் குழப்பிவிட்டோமோ என்ற பயம் வந்தது.

பரீட்சை முடிந்து விதுஷா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வந்துச்சு சேர். அயன் சேர்ந்து மகனீசியம் குளோரைட் ஆகுறது. எல்லாப் படியும் போட்டேன். கடைசியில கழித்தல்னு வந்துச்சு."

ரஜீவுக்கு உயிர் திரும்பி வந்தது. "நல்லது. அப்படியே விட்டியா?"

"இல்ல சேர், கூட்டல்னு மாத்திட்டேன்."

"நான் காலையில சொன்னேனேம்மா."

"சொன்னீங்கதான். அப்ப நீங்க ரொம்பப் பயந்துபோய் இருந்தீங்க. வகுப்புல நீங்க ஒருநாளும் பிழையாச் சொன்னதில்ல. அதான் அதையே எழுதினேன். சரிதானே சேர்?"

நாளைக்கும் அவளுக்குப் பரீட்சை இருந்தது.

"சரிதாம்மா" என்றார்.

அதையும் அவள் நம்பினாள்.