நாலாவது மேசை

ஏணியின் மேல்படியில் நின்றபடி டெலிபோன் லைன்காரர் கூரை அட்டைக்கு மேலே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முதலில் தூசி, பிறகு ஒரு துருப்பிடித்த ஆணி, அதற்கும் பிறகுதான் கேபிளின் முனை விரலில் தட்டியது.

"மாட்டிச்சு!" என்று கத்தினார்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த கண்டக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "மாட்டினது கேபிளா, நீங்களா அண்ணே?"

மணி எட்டரை. பத்து மணிக்குப் பள்ளி இறுதித் தேர்வு முடிவு. அதற்குள் நாலு போனும் பேசியாக வேண்டும்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அறை. மனசு உடைந்த பிள்ளைகள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் நேரத்தில், கூப்பிட்டுப் பேசுவதற்காக ஒரு தொண்டு நிறுவனம் ஆறு வருஷமாக அங்கே போன் வைத்து நடத்தியது. இத்தனை நாளும் இரண்டே போன். போன வருஷம் ரிசல்ட் அன்றைக்கு இரண்டும் மூச்சுவிட நேரமில்லாமல் அடித்தன. அதே நேரத்தில் கூப்பிட்டு 'பிஸி' சத்தம் மட்டும் கேட்டுவிட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. அறையை நடத்தும் சிஸ்டர், ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர், அந்தத் தெரியாத எண்ணிக்கையைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் படியேறி இறங்கி இன்னும் இரண்டு லைனும், அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஒரு புதுப் பெட்டியும் வாங்கிவிட்டார். காலையிலிருந்து அவரால் உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

கண்டக்டரம்மா நிஜமாகவே பஸ் கண்டக்டர். மதியத்துக்கு மேல் வண்டி. காலையில் இங்கே வந்து, பயிற்சி எடுத்த குரலோடு, சம்பளமில்லாமல் போன் எடுப்பாள்.

லைன்காரருக்கு வேலை செய்வதைவிட அது எப்படி நடக்கிறது என்று விளக்குவதில் ருசி அதிகம். ஏணியிலிருந்து இறங்கியதும் பெட்டியின் மூடியைத் திறந்து இருவரையும் கூப்பிட்டார்.

"வெளிய இருக்கிறவங்களுக்கு ஒரே நம்பர்தான். உள்ள நாலு போன். கூப்பிட்டதும் இந்தப் பெட்டி முதல் மேசையைப் பாக்கும். ஆள் பேசிட்டு இருந்தா ரெண்டாவது. அதுவும் இல்லன்னா மூணு, நாலு. நீங்க பஸ்ல காலி சீட்டு பாத்து உக்கார வைக்கிற மாதிரி."

"நாலும் நிறைஞ்சா?"

"அங்கதான் விசேஷம். முன்ன மாதிரி 'பிஸி' சத்தம் போடாது. சிஸ்டர் குரல்லயே 'இருங்க, வரோம்'னு சொல்லி நிறுத்தி வைக்கும். எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு அந்தப் பலகையில தெரியும்." சுவரில் சின்னதாக ஒரு சிவப்பு பூஜ்யம் எரிந்தது. சிஸ்டர் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கூப்பிடறவங்க நம்பரும் போன் திரையில வரும்," என்றார் லைன்காரர் பெருமையாக.

"அது வேணாம்," என்றார் சிஸ்டர் உடனே. "நாங்க யாருன்னு பாக்க மாட்டோம், திருப்பிக் கூப்பிட மாட்டோம்னு சொல்லித்தான் பிள்ளைங்க பேசறாங்க. எடுத்துடுங்க."

ஒரு பட்டன்தான். எடுத்துவிட்டார்.

பிறகு சோதனை. "நான் கீழ போய் வெளி லைனைத் தட்டிப் பாத்துட்டு, மொபைல்ல இருந்து ஒவ்வொண்ணா கூப்பிடுவேன். பேச மாட்டேன். சும்மா இருந்தாத்தான் இரைச்சல் இருக்கான்னு எனக்குத் தெரியும். நீங்க எடுத்து, 'கேக்குது'ன்னு சொல்லிட்டு வச்சிடுங்க."

"இங்க ஆறு வருஷமா பேசாம இருந்தா வைக்கக் கூடாதுன்னு பாடம் எடுக்கிறாங்க. நீங்க வந்து வைக்கச் சொல்றீங்க," என்றாள் கண்டக்டரம்மா.

"இன்னைக்கு மட்டும் என் பாடம்."

அந்த அறையின் முதல் விதி அது. மறுமுனையில் பேச்சில்லை என்றால், பேச்சு வரவில்லை என்றுதான் அர்த்தம். 'நான் இங்கதான் இருக்கேன்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து முதலில் வைக்கவே கூடாது.

முதல் மேசை அடித்தது. "கேக்குது." இரண்டாவது. "கேக்குது." மூன்றாவதில் கரகரவென்று இரைச்சல். லைன்காரர் மேலே ஓடிவந்து முனையைக் கழற்றி மாட்டி, மறுபடி கூப்பிட்டுப் பார்த்து, அந்த மூன்று மேசைக்கும் அழைப்பு போகாதபடி பெட்டியில் மூடிவிட்டுக் கீழே போனார். மற்ற மூன்றும் மூடியிருந்தால் அழைப்பு நாலாவதுக்குத்தான் வரும். அதுதான் கணக்கு.

ஒன்பது இருபதுக்கு நாலாவது அடித்தது. கண்டக்டரம்மா எடுத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும்.

"நல்லாவே கேக்குது அண்ணே. இரைச்சலே இல்ல. வச்சிடறேன்."

வைத்தாள். கைதட்டினாள். "நாலும் பேசுது சிஸ்டர்!" சிஸ்டர் அவளைத் தோளோடு சேர்த்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

படியில் செருப்புச் சத்தம். லைன்காரர் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். "நாலாவதுக்குக் கூப்பிடலாம்னு பாத்தா, மொபைலை இங்கயே வச்சிட்டுப் போயிருக்கேன். வயசாகுதுல்ல."

கண்டக்டரம்மா திரும்பிப் பார்த்தாள். அவருடைய மொபைல் முதல் மேசையில், கருவிப் பைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அதே நேரம் கீழே டயர் கடையில் யாரோ நீளமாக விசில் அடித்தார்கள். "ரிசல்ட் முன்னாடியே விட்டுட்டாங்கடா! என் தங்கச்சி பாஸு!"

கண்டக்டரம்மா நாலாவது போனின் மேல் கையை வைத்தாள். அது சூடாக இருப்பதுபோலக் கையை எடுத்தாள்.

"நான் வச்சிட்டேன்," என்றாள். "மூச்சு கேட்டுது. நான் வச்சிட்டேன் சிஸ்டர்."

லைன்காரர்தான் முதலில் அசைந்தார். "திரையில காட்டலன்னாலும் பெட்டிக்குள்ள நம்பர் இருக்கும். அஞ்சே நிமிஷம். எடுத்துத் தரேன்."

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "வேணாம்."

"உசுரு விஷயம் சிஸ்டர்!"

"அதனாலதான் சொல்றேன். பேசி, ஆபத்துல இருக்கேன்னு சொல்லியிருந்தா வேற. மூச்சு மட்டும்தான் கேட்டிருக்கு. அது யார் போனோ? அப்பா போனா இருக்கும். நாம கூப்பிட்டா அப்பா எடுப்பாரு. 'எவன்டா உனக்கு போன் பண்றது?'ன்னு அங்க ஒண்ணு ஆரம்பிக்கும். மறுபடி அந்தப் பிள்ளை இந்த நம்பரைத் தொடுமா?"

கண்டக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். லைன்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெட்டியை விரலால் தட்டிக் காட்டினார்.

"பெட்டிக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேணாம். சரியா?"

"என்ன சொல்றீங்க?"

"மதியம் நான் போற இடத்துல இதே பெட்டிதான். போன்ல முடி வளர்ற தைலம் விக்கிற கம்பெனி. ஒருத்தர் ரெண்டாவது தடவை கூப்பிட்டா, முன்ன பேசின அதே ஆளுக்கே போகணும், வரிசையிலயும் நிக்கக் கூடாதுன்னு ஒரு ஏற்பாடு கேட்டாங்க. வாடிக்கை நழுவிடுமாம். பெட்டியே நம்பரை ஒப்பிட்டுப் பாத்து அனுப்பிடும், ஆளுக்குக் காட்டாது. அதை இங்க போட்டுடறேன். அந்தப் பிள்ளை மறுபடி கூப்பிட்டா நேரா நாலாவது மேசைக்கு வரும். மணி ரெட்டை ரெட்டையா அடிக்கும்."

"தைலம் விக்கிற வித்தையா?"

"தைலம் வேலை செய்யுமோ என்னமோ. எங்க முதலாளி வருஷக்கணக்கா தேய்க்கிறாரு, தலை வெயில்ல கண்ணைக் கூசுது. வித்தை வேலை செய்யும்."

கண்டக்டரம்மா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அவர் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துத் தட்ட ஆரம்பித்தபோது, அன்றைக்குப் போன் எடுக்க வேண்டிய மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள்: மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் ஒருவர். சிஸ்டர் முதல் மேசையில் உட்கார்ந்தார். ஒன்பது ஐம்பதுக்கு மூன்று மேசைகளும் திறந்தன. திறந்த கணமே மூன்றும் அடித்தன.

நாலாவது மேசை மட்டும் சும்மா இருந்தது. அந்த அழைப்புக்காக அதைக் காலியாக வைப்பது என்று சிஸ்டர் முடிவு செய்திருந்தார். பலகையில் பூஜ்யம் ஒன்றாயிற்று. மூன்றாயிற்று. டிரைவிங்காரர் பேசிக்கொண்டே பலகையைப் பார்த்தார், பிறகு கண்டக்டரம்மாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள். சிஸ்டர் ஒரு காகிதத்தில் 'பத்து நிமிஷம்' என்று எழுதித் தூக்கிக் காட்டினார்.

லைன்காரரின் மொபைல் அதிர்ந்தது. முதலாளி.

"எங்கய்யா இருக்க? பன்னெண்டு மணிக்கு அங்க அறுபது போனும் பேசணும்னு சொன்னேனா இல்லையா?"

"கிளம்பிட்டேன் முதலாளி," என்று கிசுகிசுத்துவிட்டு ஏணிப்படியில் உட்கார்ந்தார்.

பலகையில் ஏழு. பத்து நிமிஷம் முடிந்தது. சிஸ்டர் போனைக் காதில் வைத்தபடியே காகிதத்தில் 'பத்து'க்கு முன்னால் 'இன்னும்' என்று சேர்த்தார். பலகையில் பதினொன்று. முதலாளி மறுபடி கூப்பிட்டார். லைன்காரர் மொபைலைச் சட்டைப் பைக்குள் தலைகீழாகச் செருகினார்.

பத்து பதினாலுக்கு நாலாவது மேசை அடித்தது. ரெட்டை மணி.

லைன்காரர் துள்ளி எழுந்ததில் ஏணி சுவரில் இடித்தது. கண்டக்டரம்மா எடுத்தாள். பேச்சில்லை. அவள் பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முன்ன நீ கூப்பிட்டப்போ நான் வச்சிட்டேன். தப்பு என்னோடது. டெஸ்ட் பண்றாங்கன்னு நினைச்சிட்டேன். மன்னிச்சிடு கண்ணு. இப்ப நீயா வைக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன். இங்கதான் இருக்கேன்."

சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்னொன்று பாதி. பிறகு அவள் தோள் இறங்கியது. "ம்," என்றாள். "ம். சொல்லும்மா."

அந்தப் பக்கத்துப் பேச்சு லைன்காரருக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும்தான்.

"ரெண்டு பாடத்துலயா... வீட்ல யாரும் இல்லியா இப்ப?... ஒண்ணு நேராவே கேக்கறேன்மா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

லைன்காரர் திடுக்கிட்டார். இப்படியா கேட்பார்கள்? அறையில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டால் எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் சொல்ல வழி வரும் என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தது அவருக்குத் தெரியாது.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்றாள் கண்டக்டரம்மா. குரல் மாறவே இல்லை. "இதைத் தனியா தூக்கிட்டு இருந்திருக்க, காலையில இருந்து... உனக்குப் பிடிச்சவங்க யாராவது பக்கத்துல?... சித்தியா? திட்ட மாட்டாங்களா?... அட, பெயிலானதுல சித்தி உனக்கு மேலயா!" அவள் சிரித்தாள். அந்தப் பக்கமும் ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், அவள் கண் விரிந்தது. "பக்கத்து வீட்டு போன் இருக்கா? சரி, அதுல சித்தியைக் கூப்பிடு. இதை வைக்காத, கையிலயே வச்சிக்கோ. சித்தி வந்து கதவைத் தட்டுற வரைக்கும் நாம பேசிட்டே இருப்போம். நான் பஸ் கண்டக்டர் தெரியுமா? பேச ஆரம்பிச்சா நிறுத்தம் வந்தாலும் நிறுத்த மாட்டேன்."

இருபது நிமிஷம். பஸ்ஸில் ஆடு ஏற்றச் சொன்னவர் கதை, சில்லறைக்குப் பதிலாகப் பொம்மை கொடுத்த குழந்தை கதை. திடீரென்று நிறுத்தி, "தட்டுறாங்களா? திற, திற," என்றாள். பிறகு, "சித்தியா? வணக்கம்மா. கூடவே இருங்க. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து கூப்பிடுங்க." அந்தப் பக்கம் வைக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வைத்தாள்.

மற்ற மூன்று பேரும் போனில் இருந்தார்கள். சத்தம் போட முடியாது. சிஸ்டர் ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டினார். டிரைவிங்காரர் ஸ்டீரிங்கை முழுக்கச் சுற்றுவதுபோலக் காற்றில் சுற்றினார். மருந்துக்கடைப் பெண் நாற்காலியிலேயே குதித்தாள். லைன்காரர் வாயைப் பொத்திக்கொண்டு ஏணியைக் கட்டிப்பிடித்தார். கண்டக்டரம்மா மூக்கைச் சிந்திவிட்டு, நாலாவது மேசையை வரிசைக்குத் திறந்தாள். அந்த நொடியே அது அடித்தது.

"கண்டக்டரம்மா," என்று வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார் லைன்காரர், "இரைச்சல் இல்லியே?"

அவள் போனை எடுத்துக்கொண்டே, போங்கள் என்று கையால் விரட்டினாள்.

தைலக் கம்பெனியின் கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அரை நாள் கூலி கிடையாது என்றார். லைன்காரர் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது, அதுதான் முதலாளிக்கு எரிச்சலாக இருந்தது.

கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து மேசை. நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆட்கள் அடுத்த மாதம்தான் வருகிறார்கள். ஒவ்வொரு போனிலும் 'காலி' என்று பச்சை விளக்கு எரிந்தது.

லைன்காரர் பெட்டியோடு மடிக்கணினியை இணைத்தார். பக்கத்தில் மொபைலை வைத்தார். காலையில் பெட்டியைச் சரிபார்க்க, சிஸ்டரின் அறைச் சுவரில் தெரிகிற, காத்து நிற்பவர்களின் எண்ணிக்கை இதிலும் தெரியும்படி செய்திருந்தார். அதை நிறுத்த மறந்துவிட்டிருந்தார். இருபத்தேழு.

"எல்லாத்தையும் ஒண்ணா அடிச்சுப் பாருய்யா, நேரமாச்சு," என்றார் முதலாளி.

பட்டனை அழுத்தினார். ஆளில்லாத கூடத்தில் அறுபது போனும் ஒரே நேரத்தில் மணியடித்தன. மொபைலில் இருபத்தேழு இருபத்தெட்டாக மாறியது.