பிலவேந்திரன் சாப்பிடாத சாப்பாடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரிலிருந்து வந்தது. கேரியர் பிலவேந்திரனுடையது. அதிலிருந்த சாப்பாடு அவன் மனைவி அன்னாமேரி சமைத்தது. ஒன்பது வருடம் அதைச் சாப்பிட்டவன் நான்.

பிலவேந்திரன் இப்போது உயிரோடு இல்லை. அதனால் இதை அவன் கதையாகவே எழுதப் பார்க்கிறேன். நான் வரவேண்டிய இடங்களில் சம்மந்தம் என்ற என் பெயரோடு வேறு யாரோ போல வருவேன். (வீராம்பட்டினத்துக்காரன். பாகூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பிலவேந்திரனுக்குப் பக்கத்து மேசை.) அப்படி எழுதினால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று ஒரு நப்பாசை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘விடிவதற்கு முன்பே அன்னாமேரியின் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். கேழ்வரகு மாவைக் கரைத்து அவள்’

அதோடு நின்றுவிட்டது. அந்த அடுப்பை நான் பார்த்ததே இல்லை. அதிலிருந்து இறங்கியது வில்லியனூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி, ஆறிப்போய்ப் பாகூர் வந்து சேர்ந்தபோது எப்படி இருந்தது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

பிலவேந்திரன் வேலைக்குச் சேர்ந்தது 1973 ஜூனில். முதல் நாள் மதியம் கேரியரைத் திறந்தான். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டிருப்பான். குழம்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. ஹெட்கிளார்க் சிவப்பிரகாசம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“இன்னா பிலவேந்திரா, களி துன்னுட்டு எங்க ஏர் ஓட்டப் போற?”

எல்லோரும் சிரித்தார்கள். சிவப்பிரகாசம் கெட்டவர் இல்லை. சொன்ன மறுநிமிடமே மறந்துவிட்டார். பிலவேந்திரன் மறக்கவில்லை. அவன் அப்பா குத்தகை நிலத்தில் ஏர் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மேசை நாற்காலியில் உட்கார்ந்தவன் இவன். அன்று கேரியரை மூடி வைத்தான்.

மறுநாள் அதைச் சம்மந்தத்திடம் நீட்டினான். வயிறு சரியில்லை என்றான். பிறகு கடைத்தெருவில் புதிதாக வந்திருந்த பேக்கரிக்குப் போய், மற்றவர்களோடு நின்று பன்னும் கிரீம் பிஸ்கட்டும் சாப்பிட்டு, ஒரு பாட்டில் கலர் சோடா குடித்துவிட்டு வந்தான். அதற்கடுத்த நாளும் வயிறு சரியில்லை. அதற்கும் மறுநாள் காரணம் எதுவும் சொல்லாமல் கேரியரைச் சம்மந்தத்தின் மேசையில் வைத்தான். சம்மந்தமும் கேட்கவில்லை.

[சம்மந்தம் ஏன் கேட்கவில்லை? அவன் அம்மா எல்லம்மாள் விடியலில் மீன்கூடையோடு கிளம்பிவிடுவாள். அவனுக்கு மதியச் சாப்பாடு என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. இது நியாயம் ஆகாது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.]

3

இந்த இடத்தில் எனக்குப் பிலவேந்திரன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வாசகர் இவனை வெறுத்துவிட்டால் கதை போச்சு. முந்தைய பிரதியில் அவனைக் கோழை என்று ஒரு வரியில் எழுதி, பிறகு அடித்தேன்.

அன்னாமேரி ஏன் அப்படிச் சமைத்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவள் கல்யாணமாகி வந்த வருடம்தான் அவள் மாமனாருக்குச் சர்க்கரை முற்றி ஒரு காலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர், உன் புருஷனுக்கும் இது வரலாம், வாயைக் கட்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேக்கரிச் சாமான் எதுவும் நுழைந்ததில்லை, டால்டாவும்தான். கேழ்வரகு, சாமை, கீரை, மொச்சை, மீன். விருந்தாளிகள் பிள்ளைகளுக்கு வாங்கிவரும் பிஸ்கட்டை வாசலிலேயே வாங்கி, வயலில் வேலை செய்யும் ஆட்களுக்குக் கொடுத்துவிடுவாள். கஞ்சம் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிலவேந்திரனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒன்பது வருடம் பேக்கரிக்குப் போனான். முதல் வருடம் வெட்கத்தால் போனான். பிறகு நாக்குப் பழகிவிட்டது.

தினமும் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் சம்மந்தத்திடம் வந்து நிற்பான்.

“இன்னைக்கு இன்னாப்பா இருந்துச்சு? எப்டி இருந்துச்சு?”

கீரையில் உப்புத் தூக்கல், குழம்புக்குப் புளி போதவில்லை என்று சம்மந்தம் சொல்வான். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவான். மறுநாள் உப்புக் குறையும், புளி ஏறும். இப்படியாக ஒரு பெண், முகம் தெரியாத ஒருவனின் நாக்குக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.*

* இந்தப் பத்தியை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது என்று இந்த அடிக்குறிப்பு.

4

1982-இல் பிலவேந்திரனின் இடது பாதத்தில், செருப்பு கடித்த இடத்தில் ஒரு புண் வந்தது. ஒன்றரை மாதம் ஆறவில்லை. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. என்னென்ன சாப்பிடுவார் என்று டாக்டர் கேட்க, அன்னாமேரி ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். வெளியில் ஒரு வாய் சாப்பிட மாட்டார் என்றும் சொல்லியிருக்கிறாள். பரம்பரை நோய்தான், ஆனால் இப்படிச் சாப்பிடுகிறவருக்கு இத்தனை சீக்கிரம் இவ்வளவு முற்றாதே என்று டாக்டர் குழம்பியிருக்கிறார்.

சம்மந்தம் பார்க்கப் போனான். அன்றுதான் அன்னாமேரியை முதன்முதலாக நேரில் பார்த்தான். அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணே, நீங்க பக்கத்துலயே இருந்து பாத்தவரு. மதியத்துல அவரு ஒழுங்கா சாப்ட்டாரா?”

கட்டிலிலிருந்து பிலவேந்திரன் சம்மந்தத்தைப் பார்த்தான். கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்தான். சம்மந்தம் சொன்னான்

இல்லை. இனிமேல் வேறு யாரோ போல எழுத முடியாது. நான் சொன்னேன்.

“ஒரு பருக்கை மிச்சம் இருந்தது இல்லம்மா.”

அது பொய்யும் இல்லை. அவள் முகம் மெல்ல மாறியது. அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டிருக்கிறார். ஆகவே பிழை சமையலில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவள் போட்டு முடித்ததை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நான் வாங்கிப்போயிருந்த ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

5

முடிவுகள்.

அ) ஆஸ்பத்திரியில் கால்விரல்களை எடுத்து வீட்டுக்கு வந்ததும் பிலவேந்திரன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவள் ஒரு மாதம் பேசாமல் இருந்து, பிறகு களி கிண்டுகிறாள். அவன் சாப்பிட்டுத் தேறுகிறான். (உடம்பு அப்படி மன்னிப்பதில்லை. அடித்துவிட்டேன்.)

ஆ) சம்மந்தம் மறுநாளே திரும்பிப்போய் உண்மையைச் சொல்கிறான். (போகவில்லை.)

நடந்தது இதுதான். பிலவேந்திரன் இரண்டு வருடம் வீட்டில் கிடந்து, 1984-இல் இறந்தான். அந்த இரண்டு வருடமும் அவள் சமைத்ததை மட்டும் சாப்பிட்டான். மிகவும் விரும்பிச் சாப்பிட்டானாம். அவளோ பயந்து பயந்து சமைத்திருக்கிறாள்.

போன மாதம் மூலக்குளத்தில் ஒரு கடை வாசலில் அவர்கள் மகள் கிரேஸ் மேரியைப் பார்த்தேன். பதின்மூன்று வயது இருக்கும். கையில் பிரெட், இரண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட். அம்மா வாங்கிவரச் சொன்னாளா என்று கேட்டேன்.

“ஆமா மாமா. எதைத் துன்னாலும் ஒண்ணுதான்னு அம்மா சொல்லிடுச்சு. இப்பல்லாம் காலையில எங்களுக்கு இதான்.”

அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே அன்னாமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். களி, சிவப்பிரகாசம், பேக்கரி, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன வார்த்தை. உங்கள் சமையலில் எந்தப் பிழையும் இல்லை, அதைச் சாப்பிட்ட நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையான வாக்கியம் என்று எனக்கு உறைத்தது.

அவள் அழவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, ரெண்டு வருசம் அவர நல்லா திட்டியாச்சும் இருப்பேன். கடைசி நாளு அவரு கையப் புடிச்சிக்கினு, என் சோறுதான் உன்ன இப்டி ஆக்கிடுச்சி, மன்னிச்சிக்கன்னு கேட்டேன் அண்ணே.”

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அவனுக்குப் பேச்சு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்ததாம். கேட்டுக்கொண்டு படுத்திருந்தானாம்.

பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் மறுநாள் காலை பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. இதுவரை கேட்கப் போகவில்லை.

6

கதை அந்தக் கடைசி நாளில், அவன் கட்டிலருகே முடிய வேண்டும். அவள் கேட்டதற்கும் அவன் கண்ணை மூடியதற்கும் நடுவில் ஒரு வரி வேண்டும். ‘சொல்ல வாயெடுத்தான், நா எழவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். அது அவனுக்குச் சலுகை. ‘பயந்தான்’ என்று எழுதினேன். சாகக் கிடக்கிறவனுக்கு இனி என்ன பயம்? ‘தான் சொல்லிவிட்டால் சம்மந்தமும் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தான்’ என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிவைத்து எழுந்து போய்விட்டேன்.

அன்னாமேரிக்குப் படிக்கத் தெரியும். இது அச்சானால் அவள் கைக்கு எப்படியும் போய்ச் சேரும். அந்த வரியை ஒன்பது வருடம் அவள் சோற்றைச் சாப்பிட்டவன் எழுதக் கூடாது. படிக்கிறவர்கள் யாராவது எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். பிலவேந்திரன்