ஜாக்கும் ஆஸும் நாற்பத்தொன்று

சவிரிமுத்தர் கப்பல் காசினோவில் வென்ற கதையைக் கேளாத தமிழர் ஒருவர் மொன்ட்ரியாலில் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியிருக்க வேண்டும். அவருக்கும் வருகிற ஞாயிறு பூசைக்குள் சொல்லப்பட்டுவிடும்.

கதை வருடா வருடம் கொழுத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசையில், கடதாசி போடுகிற டீலர் ஒருவரை வென்றார். பிறகு டீலர்கள் மாறி மாறி வந்து தோற்றார்கள். அதற்கும் பிறகு, காசுக்குப் பதிலாகக் கொடுக்கிற பந்தயச் சில்லுகள் அவர் பக்கம் குவிந்து கப்பலே சற்றுச் சரிந்துவிட்டது. கப்டன் வெள்ளை உடுப்போடு மேல்தட்டிலிருந்து இறங்கி வந்து, "ஐயா, குறை நினையாதேங்கோ, பாதிச் சில்லை அந்தப் பக்கத்து மேசையிலை வையுங்கோ, சாப்பாட்டறையிலை சூப் ஊத்துப்படுது" என்று கேட்டுக்கொண்டார்.

"கப்டன் எந்த ஊர்?" என்று கேட்டவர் ஒருவர்தான். பியர்பொன்ட்ஸில் தெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருக்கும் றெனோல்ட்.

"நோர்வே."

"நோர்வேக்காரன் தமிழிலையோ கேட்டவன்?"

"ஏன், நோர்வேயிலை எங்கடை சனம் கொஞ்சமே?" என்றுவிட்டுச் சவிரிமுத்தர் பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அப்ப நீங்கள் ஒருநாளும் தோற்கேல்லை, என்ன அண்ணை?"

"தோற்கிறதுக்கு நேரம் கிடைக்கேல்லை."

இந்தக் கதையில் மனைவி யோகராணி கிடையாது. கப்பல் சரிவதற்கு ஓர் ஆள் போதும் என்பது சவிரிமுத்தரின் கணக்கு.

ஆனால் கப்பல் மெய். லஷீன் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து அவரும், ஷபனெல் வீதித் தையல்கடையிலிருந்து யோகராணியும் ஓய்வு எடுத்த பின், இலைகள் நிறம் மாறும் காலத்தில் பழைய துறைமுகத்தில் கப்பலேறி, ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய் வருவார்கள். முதல் தடவை ஏறியதும் சவிரிமுத்தர் பெட்டியைக்கூட அறையில் வைக்காமல் காசினோவைத் தேடிப் போனார். கதவு பூட்டியிருந்தது. ஆறு முடிந்து, நாட்டின் எல்லை கழிந்து, திறந்த கடல் வந்தால்தான் திறப்பார்களாம். எனவே கியூபெக் நகரத்து மலைக்கோட்டையை எல்லோரும் பார்த்தபோது அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தடுசாக்கில் வெள்ளைத் திமிங்கிலங்கள் வந்தபோதும் அங்கேதான் நின்றார். யோகராணி மட்டும் கம்பளிச் சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு மேல்தட்டுக் கம்பியோரம் நின்று பார்த்தாள்.

"என்னப்பா, வந்து பாருங்கோவன். பால் மாதிரி வெள்ளை."

"கடல் வந்தால் சொல்லும்."

இப்போதெல்லாம் சவிரிமுத்தரின் நினைவில் காசினோவின் உட்புறம் மங்கிவிட்டது. அந்தக் கம்பியும், சால்வையும், பின்னால் எரிவது போல் சிவந்து கிடந்த கரையும்தான் துலக்கமாக வருகின்றன. பார்க்காத திமிங்கிலம்கூட வருகிறது.

கடல் வந்தது, கதவும் திறந்தது. யோகராணிக்குத் தெரிந்த கடதாசி விளையாட்டு ஒன்றுதான். யாழ்ப்பாணத்தார் எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகிற முந்நூற்றிநாலு. அதில் ஜாக்குத்தான் ராசா, அதற்கு முப்பது. ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று. பாவம் அந்த உண்மையான ராசாவுக்கு மூன்றுதான். எதிரில் இருக்கிறவர் பார்ட்னர். கையிலிருப்பதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் குடி முழுகிப் போகும்.

"எதிரிலை இருக்கிற இந்தப் பிள்ளையோ என்ரை பார்ட்னர்?" என்று யோகராணி டீலரைக் காட்டிக் கேட்டாள். டீலர் பிலிப்பைன்ஸ் பெண், சிரித்த முகம்.

"இல்லை, அவவைத்தான் வெல்ல வேணும். இருபத்தொண்டுக்கு மேலை போகாமல் அவவை விடக் கூட எடுக்க வேணும். போனால் வெடிச்சுப் போகும்."

"அப்ப பார்ட்னர் ஆர்?"

"பார்ட்னர் இல்லை."

"பார்ட்னர் இல்லாமல் என்ன விளையாட்டு," என்று சொல்லி அவள் அவருக்குப் பக்கத்துக் கடைசிக் கதிரையில் இருந்தாள்.

அந்த மேசையில் கடதாசியைத் தொடவே கூடாது. நிமிர்த்திப் போட்டபடி கிடக்க வேண்டும். டீலர் இரண்டைப் போட்டதும் யோகராணி பட்டென்று அள்ளிச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துவிட்டாள். கறுத்தக் கோட்டுப் போட்ட மேற்பார்வையாளர் ஓடி வந்தார். யோகராணி தலைப்புக்குள் குனிந்து எண்ணினாள். ஒரு ஜாக், முப்பது. ஒரு ஆஸ், பதினொன்று. முகம் வாடிப் போயிற்று.

"சொறி மிஸ்," என்று கடதாசிகளைக் கவிழ்த்து நீட்டினாள். "ஃபோட்டி வன். வெடிச்சுப் போச்சு."

டீலர் பெண் நிமிர்த்திப் பார்த்தாள். அங்கே ஜாக்குக்குப் பத்துத்தான்; ஆஸும் சேர்ந்தால் இருபத்தொன்று. அந்த மேசையில் அதற்கு மேல் ஒரு கை கிடையாது; விளையாட்டின் பேரே அதுதான். சில்லுகளை யோகராணி பக்கம் தள்ளினாள். யோகராணி, "இல்லைப் பிள்ளை, பிழை என்னிலை" என்று திருப்பித் தள்ளினாள். டீலர் மறுபடி தள்ளினாள். சில்லுகள் போய் வந்துகொண்டிருந்தன. கடைசியில் கறுத்தக் கோட்டுக்காரரே, "மேடம், இந்த மேசையில் கடதாசிதான் பேசும். நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. டீலருக்கு மனம் என்று ஒன்று இல்லை, சட்டம்தான் உண்டு" என்று விளக்கி முடித்தார்.

அது யோகராணி விட்ட முதற் பிழை. கடைசிப் பிழையும் அதுதான். அடுத்தடுத்த வருடங்களில் அந்தக் கடைசிக் கதிரைக்கு அவள் வந்தாலே டீலர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

பிறகு அவளுடைய முழங்கால்கள் கப்பலை நிறுத்தின.

மகள் அனோஜினி ரொறன்ரோவில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வீட்டை வித்துப்போட்டு வாங்கோ, கீழறை ஒழுங்காக்கிக் கிடக்குது, பேத்தி கேக்கிறாள். யோகராணிக்குப் போக ஆசை. சவிரிமுத்தருக்கு இல்லை.

"அங்கை ஆறு இல்லை," என்றார்.

"ஏரி இருக்கு."

"ஏரி நிண்ட இடத்திலை நிக்கும். அதிலை என்ன இருக்கு?"

வாதம் வருடக்கணக்கில் நின்ற இடத்தில் நின்றது. ஒரு பிற்பகல் அவர் றெனோல்ட்டின் கடையிலிருந்து திரும்பி வந்தபோது, யோகராணி பேத்தியோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் ஏதோ பாட, இவள் தமிழில் தாளம் போட்டாள். அழைப்பு முடிந்தது. திரை கறுத்த பிறகும் யோகராணி அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவர் கதவடியில் நிற்பது அவளுக்குத் தெரியாது. சவிரிமுத்தர் சத்தமில்லாமல் வெளியே போய், சப்பாத்தை நிலத்தில் தட்டிக்கொண்டு புதிதாக வருவது போல் மறுபடி வந்தார்.

அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார், போவதென்று. ஆனால் எப்படிச் சொல்வது? கப்பலைச் சரித்த மனுசன் "சரி, நீர் சொன்னபடி" என்று வாய் திறந்து சொல்வதற்கு வழி இல்லை. முறையாகத் தோற்க வேண்டும். அதுவும் பிளாக்ஜாக்கில்தான் தோற்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பேஸ்மென்டுக்குள் இறங்கி ஒரு கட்டுக் கடதாசியை எடுத்தார். ஒன்றுவிட்டொன்று போட்டால் யோகராணிக்கு ஒரு ஜாக்கும் ஒரு ஆஸும் விழவும், டீலரான தனக்கு ஒரு பத்தும் ஒரு ஆறும் விழவும் மேலே அடுக்கினார். படியேறும்போது கட்டு கலைந்துவிடும் என்று பயந்து மெல்ல மெல்ல ஏறினார்.

"யோகம், இஞ்சை வாரும். ஒரு கை விளையாடுவம். நான் டீலர்."

"என்ன பந்தயம்?"

அவர் சாவிக்கொத்திலிருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றி மேசை நடுவில் வைத்தார். "நீர் வெண்டால் ரொறன்ரோ. நான் வெண்டால் இஞ்சை. இதோடை கதை முடியுது. பேந்து ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது."

யோகராணி திறப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவர் கட்டைக் கலைப்பது போல் கையை ஆட்டிவிட்டு மேசையில் வைத்தார். அவள் கை நீண்டது.

அப்போதுதான் சவிரிமுத்தருக்கு ஒன்று உறைத்தது. கலைத்த கட்டை மற்றவர் வெட்ட வேண்டும். முந்நூற்றிநாலு பிறந்த நாளிலிருந்து அதுதான் முறை. வெட்டினால் ஜாக் எங்கே, ஆஸ் எங்கே? பேஸ்மென்டில் இதை யோசிக்கவில்லை.

யோகராணி வெட்டவில்லை. மடக்கிய விரல் மூட்டால் கட்டின் மேலே ஒரு தட்டுத் தட்டினாள். நம்பிக்கை உள்ளவர்கள் செய்கிற வேலை அது. அப்படியே போடு என்று அர்த்தம்.

அவர் போட்டார். கப்பல் சட்டப்படி நிமிர்த்திப் போடாமல், அவளுடைய பழக்கத்துக்காகக் கவிழ்த்துப் போட்டார். அவள் எடுத்து நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். இரண்டு கடதாசிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

"முப்பதும் பதினொண்டும் நாற்பத்தொண்டு," என்றாள். "சொறி சேர். வெடிச்சுப் போச்சு."

கடதாசிகளைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பப் பார்த்தாள். "தேத்தண்ணி போடட்டே?"

ஆயுளில் முதல் தடவையாக ஒழுங்காகத் தோற்கப் போனவரை மனுசி தோற்க விடவில்லை.

"இரும்," என்றார். இரண்டையும் நிமிர்த்தி மேசையில் வைத்தார். "கடதாசிதான் பேசும். ஆள் சொல்லுறது எடுபடாது. டீலருக்கு மனம் இல்லை."

திறப்பை அவள் பக்கம் தள்ளினார்.

"பிழை என்னிலை," என்று அவள் திருப்பித் தள்ளினாள்.

அவர் மறுபடி தள்ளினார். திறப்பு மேசையில் போய் வந்தது.

"நான் அடுக்கினதை நீர் கண்டனீரோ?" என்று கடைசியில் கேட்டார்.

"காண வேணுமே? முட்டை கொண்டு வாற மாதிரிக் கட்டைக் கொண்டு படியேறினியள். நீங்கள் வெல்லத்தான் அடுக்கினியள் எண்டு நினைச்சன்."

"அப்ப ஏன் வெட்டேல்லை?"

"வெல்லட்டும் எண்டுதான்." அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். "ஆற்றை விட்டுப்போட்டு நீங்கள் அங்கை வந்து ஆரோடை கதைப்பியள்? பேந்து பார்த்தால் ஜாக்கும் ஆஸும் எனக்கு."

சவிரிமுத்தர் திறப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

யோகராணி அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"வெண்ட ஆள் நான். அப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. இந்தமுறை இலை சிவக்க ஒருக்கால் கப்பல் ஏறுறம். என்னைத் தள்ளுவண்டிலிலை வைச்சு நீங்கள்தான் தள்ள வேணும். காசினோக் கதவடியிலை இல்லை, கம்பியடியிலை நிக்கிறம். பனி கரைஞ்ச பிறகு ரொறன்ரோ."

"சரி," என்றார் சவிரிமுத்தர். அந்தச் சொல் அவ்வளவு கனமாக இருக்கவில்லை.

"தமிழ் கதைக்கிற அந்தக் கப்டனையும் எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ. றெனோல்ட் தம்பி என்னைக் கண்டால் அவரைப் பற்றித்தான் விசாரிக்கிறது."

சவிரிமுத்தர் கடதாசிகளை ஒன்றாக்கித் தட்டிப் பெட்டிக்குள் வைத்தார். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"அந்தாள் இப்ப கப்பலிலை இல்லை," என்றார். "பென்ஷன் எடுத்துக்கொண்டு மகளோடை ரொறன்ரோவுக்குப் போட்டுது. அங்கை போய்க் காட்டுறன்."