ஏழாவது ஷரத்து

“கையை எடுடீ!”

சாந்தோம் பக்கத்துச் சந்து ஒன்றில், குதிரை வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கிச் சுப்பராமன் போட்ட சத்தம் இது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சித்திரையில் கும்பகோணத்துக்கு ஓடிய வக்கீல் குமாஸ்தா, ஆவணியில் திரும்பியதும் கண்ட முதல் காட்சி, வைரவனின் மனைவி அஞ்சலை கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்ததுதான். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி வெறுங்குடத்தோடு பின்னால் நின்றாள். அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது.

அந்தப் பம்பு மூன்று குடும்பங்களுக்குப் பொது. சுப்பராமன் வீட்டுக் கிணறும் பக்கத்து வீட்டு வாத்தியார் ராஜநாயகத்தின் கிணறும் உப்பு. நல்ல தண்ணீர், வம்புக்கென்றே, சந்தின் கோடியில் செருப்புத் தைக்கும் வைரவன் குடிசை மூலையில் வந்தது. பூமிக்குத் தீட்டில்லை என்று சுப்பராமன் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று ஞாயிறுதோறும் பூசையில் பாடும் ராஜநாயகமும் தலையசைத்தார். சாமி விஷயத்தில் ஒத்துப்போகாத இருவரும் தீட்டு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

இடம் கொடுத்தவன் வைரவன், குழாயை இறக்கியவனும் அவனே. பங்கு கிடையாது என்று வாய் கூசாமல் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் சுப்பராமன் பங்குனியில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். நாலாவது ஷரத்து: வைரவன் வீட்டார் கைப்பிடியைத் தொடாமல் பத்தடி தள்ளி நிற்க வேண்டியது, மற்ற வீட்டார் அடித்து ஊற்றுவார்கள். ஏழாவது ஷரத்து: தொடர்ந்து தொண்ணூறு நாள் கைப்பிடியைத் தொடாத குடும்பம் தண்ணீர்ப் பாத்தியதையை இழக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், தொண்ணூற்றோராம் நாள் வைரவனுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. படிக்கத் தெரியாத வைரவன் சந்தோஷமாகப் பெருவிரலை உருட்டினான். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு சுப்பராமன் அன்று இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது அவர் குரலில் அந்தப் பாயசம் இனித்தது. “தொண்ணூறு நாள் எப்பவோ ஆயாச்சு. உங்களுக்கு இனிமே பாத்தியதை கிடையாது. ஏழாவது ஷரத்து!”

அஞ்சலை அடிப்பதை நிறுத்தவில்லை. குடம் நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

“பைண்டிங் கடை பீர் முஹம்மது பாய் காயிதத்தைப் படிச்சிக் காட்டினாரு சாமி. தொடாத வூட்டுக்குத்தான் பாத்தியதை போவும்னு கீது. நாங்க தெனம் தொட்டுக்கினுதான் கீறோம். நாலு மாசமா தொடாதது ஆரு?”

“நீ தொட்டதே தப்பு! நாலாவது ஷரத்து...”

“மத்த வூட்டுக்காரங்க ஊத்துவாங்கன்னு அதுல கீது. கும்மோணத்துலருந்து எப்பிடி சாமி ஊத்துவீங்க?”

வண்டிக்காரன் சிரித்துவிட்டான். தானும் சித்திரையில் ஓடிப்போய் முந்தின நாள்தான் திருச்சியிலிருந்து திரும்பி, உப்புத் தண்ணீர்க் காப்பி குடித்துக்கொண்டிருந்த ராஜநாயகம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“தண்ணி இல்லன்னு நான் சொல்லல,” என்றாள் அஞ்சலை. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாருக்கு எப்போது இரக்கம் வருமென்று வெயிலில் மணிக்கணக்காக நின்றவள் அவள். “நாலாவது நம்பரை அடிச்சிட்டு எல்லாரும் கையெழுத்து போடுங்க. அப்பால கைப்பிடி எல்லாருக்கும்தான்.”

“யோசிக்கணும்,” என்றார் சுப்பராமன். “மூணு நாள் டயம் வேணும்.”

“நீங்க யோசிச்சுண்டே இருங்கோ,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அதுவரை எந்தக் காகிதத்திலும் அவள் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. கணவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அஞ்சலை நீட்டிய பிரதியில் நாலாவது ஷரத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, கீழே தன் பெயரை எழுதினாள். பிறகு குடத்தை வைத்து, அஞ்சலையின் கைச்சூடு ஆறாத கைப்பிடியைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தாள்.

சுப்பராமன் மூன்று நாள் யோசித்தார். குளித்து, சந்தியாவந்தனம் பண்ணி, காப்பி குடித்து, நிதானமாகத்தான் யோசித்தார். தண்ணீர் எல்லாம் அந்தப் பம்பிலிருந்துதான் வந்தது.